ஒரே மாடல் டிவி: ஒரு வீட்டில் பழுது, இன்னொரு வீட்டில் புதுசு போல

ஒரே ஆண்டில் ஒரே மாடல் டிவியை இரண்டு வீடுகளில் வாங்குகிறார்கள். நான்காவது ஆண்டில் ஒரு வீட்டில் படம் போய் சத்தம் மட்டும் வருகிறது. இன்னொரு வீட்டில் எட்டு ஆண்டு கழிந்தும் எந்தக் குறையும் இல்லை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒருவருக்குக் கைராசி, மற்றவருக்குப் பொறுப்பு போதாது. இந்த இரண்டாவது காரணம் பல வீடுகளில் சண்டையில் போய் முடிகிறது. "உன் கையில் எதுவும் தங்காது" என்ற பேச்சு சிலரைச் சிறுவயதிலிருந்தே துரத்துகிறது.

ஆனால் டிவியை யாரும் கையால் தொடுவதே இல்லை. தொடுவது ரிமோட்டைத்தான். படம் போன டிவியைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட்டில் ஒரு எல்இடி அணைந்திருக்கும், அல்லது பவர் சப்ளை போர்டில் மின்னூட்டத்தைச் சேமித்துச் சீராக்கும் ஒரு கெபாசிட்டர் உப்பியிருக்கும். இரண்டும் யார் விரலும் படாத இடங்கள். ஒரு பொருளின் மேல்தோற்றம் நம் கைப்பழக்கத்தைப் பொறுத்தது, உண்மைதான். அதன் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்வது அது வைக்கப்பட்டிருக்கும் இடமும் அதற்கு வரும் மின்சாரமும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தப்பான ஆள் மீது பழி விழுகிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும்.

மின்னணுப் பொருட்களில் சீக்கிரம் முதுமை அடையும் பாகம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். சின்ன உருளை வடிவம். உள்ளே அலுமினியத் தகடும் திரவத்தில் ஊறிய காகிதமும் சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கும். அடியில் ரப்பர் அடைப்பு. அந்தத் திரவம் இருக்கும் வரைதான் கெபாசிட்டருக்கு உயிர். சூடு ஏற ஏற அது ரப்பரின் வழியாகச் சிறுகச் சிறுக ஆவியாகி வெளியேறும், உள்ளே நடக்கும் வேதிவினைகளும் வேகம் எடுக்கும். வேதிவினையின் வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1889-இல் சமன்பாடாக எழுதினார். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராய விதி இது: வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும், 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். சாதாரணக் கெபாசிட்டர் ஒன்றுக்கு 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று உற்பத்தியாளர் உத்தரவாதம் தருவதாக வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடும் ஒரு ரவுட்டருக்குள் அது இருக்கிறது. ரவுட்டரின் உள்சூடு 75 டிகிரி என்றால் கணக்கு 16,000 மணி நேரம், அதாவது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அதே ரவுட்டரைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து உள்சூடு 55 டிகிரிக்கு இறங்கினால் 64,000 மணி நேரம், ஏழு ஆண்டுக்கு மேல். ஆள் மாறவில்லை, பயன்பாடு மாறவில்லை, மாடலும் மாறவில்லை. இருபது டிகிரி மட்டும் மாறியது. இந்த மணிக்கணக்கு முடிந்ததும் பொருள் அந்த நொடியே செத்துவிடும் என்று அர்த்தமில்லை. கெபாசிட்டரின் கொள்ளளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கிவிடும் என்றுதான் பொருள். அதற்குப் பிறகு ரவுட்டர் காரணமே தெரியாமல் தானாக ரீஸ்டார்ட் ஆகும், டிவி ஆன் ஆவதற்கு நேரம் எடுக்கும், அடாப்டர் மெல்ல ரீங்கரிக்கும்.

எங்கிருந்து வருகிறது அந்த இருபது டிகிரி? கதவு மூடிய அலமாரிக்குள் வைப்பது, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது, சுவரோடு ஒட்டி வைத்துப் பின்பக்கத் துளைகளை அடைப்பது, தூசி படாமல் இருக்கத் துணி போர்த்துவது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அது அலட்சியத்தால் வந்ததில்லை, அக்கறையால் வந்தது. பொருளைப் பொத்திப் பொத்தி வைப்பவரின் வீட்டில் அது சீக்கிரம் பழுதாவதும், அப்படியே திறந்த மேசையில் போட்டு வைத்திருப்பவரின் வீட்டில் நீடிப்பதும் இதனால்தான் சாத்தியமாகிறது. செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் ஒரே அடுக்கில் வைத்தால் கீழே இருப்பதன் சூடு மேலே இருப்பதற்குச் சேரும்.

தூசியின் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது. மேலே தெரியும் தூசியால் பெரிய கெடுதல் இல்லை. ஃபேன் இறக்கைகளிலும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவிலும் அடைத்துக்கொள்ளும் தூசி, உடம்பில் கம்பளியைப் போர்த்திவிட்டு ஓடச் சொல்வதற்குச் சமம். லேப்டாப்பின் மேல்மூடியைத் தினம் பளபளவென்று துடைப்பவர்கள் அடிப்பக்கத் துளைகளைப் பார்ப்பதே இல்லை. அதே லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் காற்று இழுக்கும் வழியும் அடைபடுகிறது.

டிவியைப் பொறுத்தவரை இன்னொரு சூடு உள்ளிருந்தே வருகிறது. பெரும்பாலான டிவிகளில் மிகப் பளிச்சென்று காட்டும் ஒரு அமைப்பு உண்டு. அதில் பேக்லைட் எல்இடிகள் முழு மின்னோட்டத்தில் எரிகின்றன. பேக்லைட் அளவைக் கொஞ்சம் இறக்கினாலே எல்இடியின் சூடு குறையும், ஆயுள் நீளும். நான்காவது ஆண்டில் படம் போன வீட்டுக்கும் எட்டாவது ஆண்டிலும் ஓடுகிற வீட்டுக்கும் இடையே இந்த ஒரு செட்டிங் மட்டுமே கூட வித்தியாசமாக இருந்திருக்கலாம். ஓஎல்இடி திரைகளிலும் இதுதான் கதை. அங்கே ஒளிர்வது கரிமச் சேர்மம். பளிச்சென்று எரிய எரிய அது தேய்கிறது, நீல நிறம் மற்றவற்றை விட வேகமாகத் தேய்கிறது. ஒரே சேனலின் சின்னம் நாள் முழுக்க ஒரே மூலையில் நின்றால் அங்கே நிழல் படிவது இதனால்தான்.

முழுத் திறனில் ஓட்டாமல் விட்டால் ஒரு பொருள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1901 முதல் அந்த நகரில் எரிந்து வரும் ஒரு பல்பு அது. அது இப்போது எரிவது சுமார் 4 வாட் அளவில், மிக மங்கலாக. அதை அணைப்பதும் மிக அரிது. இழை பல்புகளுக்கு மின்னழுத்தம் ஐந்து சதவீதம் குறைந்தாலே ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விளக்குப் பொறியாளர்கள் அறிந்த கணக்கு. திறனில் கொஞ்சம் மிச்சம் வைப்பதுதான் அந்தப் பல்பின் நீண்ட ஆயுளில் பெரும்பங்கு. அறைக்குச் சிறிய ஏசி, குடும்பத்துக்குப் போதாத வாஷிங் மெஷின், விளையாட்டுக்குச் சக்தி போதாத லேப்டாப் ஆகியவை சீக்கிரம் தேய்வதற்கும் இதுதான் காரணம். அவை எப்போதும் உச்சத்தில் ஓடுகின்றன.

"அப்படியானால் அடிக்கடி ஆஃப் செய்து வைத்தால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். பாதி சரி. போர்டு சூடாகும்போது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. சிப்பில் உள்ள சிலிக்கான் ஒரு அளவிலும், அதைத் தாங்கும் போர்டு அதைப் போலப் பல மடங்கு அளவிலும் விரியும். நடுவில் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகப் பற்றான சால்டர் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. ஆயிரக்கணக்கான முறை இழுபட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. தட்டினால் வேலை செய்யும், மறுபடி நின்றுவிடும் என்ற பழுதுகளில் பலவும் இந்த ரகம். 2005-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் கருவி இதற்குப் பேர்போன உதாரணம். மூன்று சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோன கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2007-இல் உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டித்து, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. மாறி மாறிச் சூடாகி ஆறியதில் சிப்புக்குள் இருந்த இணைப்புகள் உடைந்ததே காரணம் என்று நிறுவனத்தின் பொறியாளர்கள் பிற்பாடு விளக்கினார்கள். ஆக, எப்போதும் ஓடும் பொருளில் கெபாசிட்டர் காய்கிறது, அடிக்கடி சூடேறி ஆறும் பொருளில் சால்டர் வெடிக்கிறது. உச்சச் சூட்டைக் குறைத்தால் இரண்டும் ஒருசேரக் குறையும். ஆன் ஆஃப் பழக்கத்தை மாற்றுவதை விட இடத்தை மாற்றுவதையே முதலில் சொல்வேன்.

சூட்டின் மீது எல்லாப் பழியையும் போடுவதும் தவறு. 2007-இல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், மிதமான வெப்ப வரம்புக்குள் சூடு கூடினால் பழுதும் கூடும் என்ற தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. மிக உயர்ந்த வெப்பநிலையிலும் வயதான டிஸ்க்குகளிலும்தான் அது தலைகாட்டியது. குளிரூட்டிய தரவு மையத்தில் இருக்கும் டிஸ்க்குக்கு நாலைந்து டிகிரி பெரிதல்ல. மூடிய பெட்டிக்குள் வெந்துகொண்டிருக்கும் அடாப்டரின் நிலைமை வேறு.

அடுத்தது மின்சாரம். இதில் மக்கள் பயப்படும் விஷயமும் உண்மையில் கெடுக்கும் விஷயமும் பல நேரம் வேறுவேறாக இருக்கின்றன. லேப்டாப், ஃபோன் சார்ஜர்களின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் வோல்டேஜ் ஏறி இறங்குவதை அவை பொருட்படுத்துவதே இல்லை. அவற்றைக் கெடுப்பது நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் பாய்ந்து வந்துபோகும் உயர் மின்னழுத்த அதிர்வு. மின்னல் அருகே விழும்போதும், போன கரண்ட் திரும்பி வரும்போதும், பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும் அது வருகிறது. ஒரே அடியில் பொருள் எரிந்துபோவது குறைவுதான். ஒவ்வொரு அடியும் உள்ளே எதையோ கொஞ்சம் பலவீனமாக்கிவிட்டுப் போகிறது. எந்தச் சம்பவமும் இல்லாத ஒரு சாதாரண நாளில் பொருள் நின்றுவிடுகிறது. அன்று அதைப் பயன்படுத்தியவர் மீது பழி.

இந்த அதிர்வைத் தடுக்க ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அதற்குள் காவல் காப்பது வேரிஸ்டர் என்ற ஒரு சின்ன வட்டு. முக்கியமாக ஜிங்க் ஆக்சைடால் ஆனது. அதிர்வைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் தேய்கிறது. ஒரு கட்டத்தில் காவல் முடிந்துவிடும், பிளக் பாயிண்டில் மின்சாரம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பல ஆண்டுப் பழைய ஸ்பைக் பஸ்டர் பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். எர்த் சரியாக இல்லாத வீட்டில் புதிய ஸ்பைக் பஸ்டரும் முழுப் பலன் தராது. மின்னல் நேரத்தில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு கேபிள் வயரையும் இணைய வயரையும் அப்படியே விட்டால் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

மோட்டார் உள்ள பொருட்களுக்கு எதிரி குறைந்த வோல்டேஜ். தேவையான வேலையை முடிக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், சுருள் சூடேறும், அதன் மேல் பூச்சு கருகும். ஃப்ரிட்ஜும் ஏசியும் நின்ற உடனே மறுபடி ஓடத் தொடங்கினால் கம்ப்ரசர் உள்ளே அடைபட்ட அழுத்தத்தை எதிர்த்துத் திணறும். அழுத்தம் சமமாவதற்குச் சில நிமிடங்கள் தேவை. ஸ்டெபிலைசர்களில் மூன்று நிமிடம் அளவுக்குத் தாமதம் வைத்திருப்பது அதற்காகத்தான். கரண்ட் விட்டுவிட்டு வரும் பகுதியில் அந்தத் தாமதம் இல்லாமல் ஓடும் ஃப்ரிட்ஜும், ஆண்டு முழுக்க சீரான மின்சாரத்தில் ஓடும் ஃப்ரிட்ஜும் ஒரே ஆயுள் வாழ முடியாது.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இன்னொன்று லூஸ் கான்டாக்ட். பிளக் ஆடுகிறது, தொட்டால் சுடுகிறது, சில நேரம் சின்னப் பொறி பறக்கிறது. அந்தப் பொறி ஒவ்வொன்றும் அந்தப் பொருளுக்கு ஒரு மின்வெட்டு, உடனே ஒரு மின்வருகை. ஒரே மாலையில் நூறு முறை ஆன் ஆஃப் செய்ததற்கு அது சமம். விலை உயர்ந்த டிவியை வாங்கிவிட்டு தளர்ந்துபோன பிளக் பாயிண்டில் செருகி வைப்பவர்கள் அந்தப் பாயிண்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஈரமும் உப்பும் சேர்ந்தால் போர்டில் உள்ள உலோகம் அரிக்கும். மின்சாரம் ஓடும்போது ஈரம் படிந்தால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு உலோகம் இழை இழையாக வளர்ந்து ஷார்ட் ஆகும். கடலுக்கு அருகில் இருப்பவர்களின் பொருட்கள் சீக்கிரம் போவதில் யாருடைய பொறுப்பின்மையும் இல்லை. தூசிக்கு இங்கே இரண்டாவது வேலை இருக்கிறது. உப்பு கலந்த தூசி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் போர்டின் மேல் பிடித்து வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பொருள் தன் சூட்டில் தன்னைக் காய வைத்துக்கொள்ளும். அணைத்து ஈர அறையில் போட்டு வைத்ததுதான் அதிகம் அரிபடும்.

பேட்டரிக்கு வருவோம். இங்கே பழக்கத்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு, ஆனால் எல்லோரும் நினைக்கிற பழக்கம் வேறு. லித்தியம் அயன் பேட்டரியை முழுதாக வடித்துவிட்டு சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் அயனுக்குப் பிடிக்காதவை இரண்டு: நிறைந்தபடியே நிற்பது, சூடு. பெரும்பாலான பேட்டரிகளில் ஒரு செல் நிறையும்போது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உயர் அழுத்தத்தில் உள்ளே தேவையற்ற வேதிவினைகள் தொடர்ந்து நடக்கும், சூடு சேர்ந்தால் அவை விரைவுபடும். நாள் முழுக்க சார்ஜரில் செருகியபடி, சூடான இடத்தில் இருக்கும் லேப்டாப்பின் பேட்டரி, ஒரு சுற்றுகூட (நிறைந்து முழுதாக வடிவது ஒரு சுற்று) முழுதாக ஓடாமலேயே வீங்கிவிடலாம். பல லேப்டாப்களிலும் ஃபோன்களிலும் இப்போது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துபவருக்கும் படுக்கையில் தலையணைக்கு அடியில் ஃபோனை வைத்து சார்ஜ் போடுபவருக்கும் இரண்டு ஆண்டில் தெளிவான வித்தியாசம் தெரியும். ஃபோனை சார்ஜில் போட்டுக்கொண்டே விளையாடுவதும் இதே கணக்கில் சேரும். சார்ஜ் ஏறும் சூட்டோடு பிராசஸர் சூடும் கூடுகிறது.

கைப்பழக்கத்தின் நேரடி ஆட்சி நடப்பது வெளிப்பரப்பிலும் செருகும் இடங்களிலும்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. ஃபோன் கண்ணாடிகள் அதற்குக் கீழே. ஆகவே சாவியோடு பையில் போடுவதை விட, பையின் மூலையில் கிடக்கும் இரண்டு மணல் துகள்கள் அதிகம் கீறும். தூசி படிந்த திரையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதும் மணலை வைத்துத் தேய்ப்பதும் ஒன்று. முதலில் தூசியை ஊதியோ மெல்லத் தட்டியோ எடுத்துவிட வேண்டும். வயர்கள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, பிளக்கை ஒட்டிய கழுத்தில்தான் அறுகின்றன. வயரைப் பிடித்து இழுப்பவருக்கும் பிளக்கைப் பிடித்து எடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும். யுஎஸ்பி சி செருகு முனையை 10,000 முறை செருகி எடுக்கலாம் என்ற தரத்தில் வடிவமைத்திருக்கிறார்கள். தேயக்கூடிய ஸ்பிரிங் பகுதியை ஃபோனுக்குள் வைக்காமல் கேபிளின் முனையில் வைத்திருக்கிறார்கள், தேய்ந்தால் மலிவான கேபிளை மாற்றினால் போதும் என்பதற்காக. சார்ஜர் சரியாக நிற்கவில்லை என்றால் ஃபோனின் துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு இறுகிப்போய் இருக்கும் வாய்ப்பும் அதிகம்.

பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தால் புதுசாக இருக்கும் என்ற நம்பிக்கையும் பொய்க்கும். ரிமோட்டுக்குள் விட்ட அல்கலைன் பேட்டரி கசிந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தகடுகளை அரிக்கும். லித்தியம் பேட்டரி தானாக வடிந்து மீள முடியாத அளவுக்கு இறங்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தில் சிதைந்து பிசுபிசுக்கும். ஓடாமல் கிடக்கும் கெபாசிட்டரின் ஆக்சைடு படலமும் காலப்போக்கில் நலிகிறது.

இவ்வளவையும் மீறி, உற்பத்தியில் இருக்கும் அதிர்ஷ்டத்தை மறுக்க முடியாது. 1999-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து 2007 வரை, தரம் குறைந்த திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகெங்கும் கம்ப்யூட்டர் போர்டுகளில் புகுந்து, இரண்டு மூன்று ஆண்டில் உப்பி வெடித்தன. அந்தக் கெபாசிட்டர் உள்ள போர்டை வாங்கியவர் எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தாலும் தப்பவில்லை. ஒரே மாடலில்கூட எந்த மாதம் செய்த போர்டு என்பதைப் பொறுத்து ஆயுள் மாறியது. ஆகவே ஒரு வீட்டின் ஒரு பழுதை வைத்து அந்த வீட்டாரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

எனக்கு இதில் மனசை உறுத்துவது ஒன்று உண்டு. இடவசதி உள்ள வீடு, குளிர்ந்த அறை, சீரான மின்சாரம், ஒழுங்கான எர்த், தேவைக்கு மேல் திறனுள்ள பொருளை வாங்கும் பணம். இவை இருப்பவரின் பொருட்கள் தாமாகவே நீடிக்கின்றன, அவருக்குப் பொறுப்பானவர் என்ற பெயரும் கிடைக்கிறது. ஒற்றை அறையில் எல்லாவற்றையும் நெருக்கி வைத்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவருடைய பொருள்தான் முதலில் போகிறது, மறுபடி வாங்கும் செலவும் அவர் தலையில்தான். இதை மாற்ற வடிவமைப்பிலேயே கை வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் முதல் அங்கே விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்ஃபோன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதம் தாங்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். பேட்டரி போனதால் முழு ஃபோனையும் தூக்கிப் போடும் நிலை அதனால் குறையும்.

பழைய பொருள் வாங்குபவர்களுக்கு இதெல்லாம் நேரடியாக உதவும். பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். கீறல் விழுந்த லேப்டாப் குளிர்ந்த அறையில் ஓடியிருக்கலாம், கண்ணாடி போல மின்னுவது மூடிய பெட்டிக்குள் வெந்திருக்கலாம். காற்றுத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், பேட்டரியின் சுற்று எண்ணிக்கையையும் மிச்சக் கொள்ளளவையும் செட்டிங்கில் பாருங்கள், எல்லாத் துளைகளிலும் கேபிளைச் செருகி ஆட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒருமுறை அணைத்து, உடனே ஆன் செய்யுங்கள். சூடான நிலையில் தயங்கினால், பின்மூடியைத் திறந்து கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.